ஆனை நடையை எண்ணும் நரம்புக்கலம்: படுவான்கரை வட்டைக்கு ஒரு செய்முறை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வெல்லாவெளி, உன்னிச்சை, வவுணதீவுப் பக்கத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) வேளாண்மை கதிர் பால் பிடிக்கும் நாட்களில் இரவுக் காவல் கடுமையாகும். காவல் குடிசையான வாடியில் கண் அயர்ந்த அரை மணித்தியாலத்திலேயே ஆனை வரம்பு ஏறிவிடும். இங்கே விவரிக்கப்படுவது, மண்ணுக்குள் புதைந்து கிடந்து கனத்த காலடியை மட்டும் எண்ணி, வாடியில் மணி அடிக்கும் ஒரு கருவி. இரண்டு பென்ரோச் (ஏஏ) மின்கலங்களில் ஒரு போகம் முழுவதும், தேவைப்பட்டால் அதற்கும் பிறகு ஓட வேண்டும் என்பதுதான் வடிவமைப்பின் முதல் நிபந்தனை. அந்த நிபந்தனைக்காகவே மூளையிலுள்ள நரம்புக்கலத்தின் வழி தெரிவு செய்யப்பட்டது.

சாதாரண வழியில் செய்தால் நுண்கட்டுப்படுத்தி செக்கனுக்கு 200 தடவை உணரியின் வோல்ற்றளவை வாசித்துக் கணக்குப் போடும். 8 மெகாஹேர்ட்ஸில் இடைவிடாமல் ஓடும் ஏடிமெகா328பி சுமார் 3 மில்லியம்பியர் எடுக்கும். 2000 மில்லியம்பியர் மணி கொண்ட கலம் 28 நாளில் முடியும். வாசிப்புகளுக்கு இடையில் தூங்க வைத்தால் இது குறையும். ஆனாலும் வட்டையில் காற்றுக்கூட அசையாத வேளையிலும் அது செக்கனுக்கு 200 தடவை விழித்தெழத்தான் செய்யும். நரம்புக்கலம் அப்படி வேலை செய்வதில்லை. வரும் மின்னேற்றத்தைச் சேர்க்கும், சேர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொசியவிடும், நுழைவாய் எனும் எல்லை அளவைத் தாண்டினால் ஒரு துடிப்பை விடும், பிறகு சற்று ஓயும். லூயி லப்பீக் 1907இல் எழுதிவைத்த மாதிரி இதுதான். 1980களின் பிற்பகுதியில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் காவர் மீட் இதைச் சிலிக்கனில் கட்டலாம் என்று காட்டி, நியூரோமோர்ஃபிக் (நரம்பு வடிவான) என்று பெயரும் வைத்தார். ஐபிஎம்மின் ட்ரூநோர்த் சில்லு 2014இல் 10 இலட்சம் நரம்புக்கலங்களை 540 கோடி திரான்சிற்றர்களில் அடக்கி, சுமார் 70 மில்லிவாற்றில் ஓடியது. இன்ரெலின் லோய்ஹி 2 வந்தது 2021இல். அவை ஆய்வுகூடங்களின் சில்லுகள், மட்டக்களப்புக் கடையில் கேட்டு வாங்க முடியாது. ஆனால் அவற்றின் சிக்கனம் வருவது ‘நிகழ்வு நடந்தால் மட்டும் வேலை செய்’ என்ற ஒழுங்கிலிருந்து. அந்த ஒழுங்கை ஒரு கொள்ளளவியும், இரு வோல்ற்றளவுகளை ஒப்பிட்டுச் சொல்லும் ஓர் ஒப்பிடியும் கொண்டே கட்டிவிடலாம்.

தேவையானவை: எஸ்எம்-24 ஜியோபோன் (மண்ணதிர்வு உணரி) ஒன்று. எம்சிபி6044 விரியலாக்கி (சிறு வோல்ற்றளவைப் பெருக்கும் சில்லு) ஒன்று, இதில் நான்கு அலகுகள், அலகுக்கு 0.6 மைக்ரோஅம்பியர். எம்சிபி6542 இரட்டை ஒப்பிடி, 74எச்சி4066 ஆளி, 28 கால் ஏடிமெகா328பி, 32.768 கிலோஹேர்ட்ஸ் பளிங்கு, பிசி817 ஒப்ரோகப்ளர் (சைகையை ஒளியால் கடத்தும் இணைப்பி), 1என்4148 இருவாயி, 1 சதவீத உலோகப்படலத் தடையிகள், செரமிக் கொள்ளளவிகள், 1 மெகாஓம் பிறிசெற் (திருகி மாற்றும் தடையி), 90 மில்லிமீற்றர் பீவீசீ குழாய்த் துண்டும் இரண்டு மூடிகளும். விலை கூடியது ஜியோபோன்தான், அதை இணையவழியில் எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக 27 மில்லிமீற்றர் பீசோத் தட்டு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போட வேண்டாம். தட்டின் ஒத்திசைவு கிலோஹேர்ட்ஸ் கணக்கில் இருக்கிறது, அது மண்ணைவிடக் காற்றில் வரும் சத்தத்தைத்தான் நன்றாகக் கேட்கும். ஆனையின் காலடியும் அடித்தொண்டை முழக்கமும் மண்ணில் 20 ஹேர்ட்ஸை ஒட்டிப் பரவுவதை கெய்ட்லின் ஓகொனல்-ரொட்வெல் குழுவினர் 2000இல் ஆசிய யானைகளில் அளந்து காட்டினார்கள். எஸ்எம்-24இன் இயற்கை மீடிறன் 10 ஹேர்ட்ஸ். அதற்கு மேல் உள்ளதை அது ஒழுங்காகக் கேட்கும்.

ஜியோபோன் என்பது வில்லில் தொங்கும் சுருள். மண் ஆடும்போது காந்தம் ஆடும், சுருள் பின்தங்கும், அந்த வேறுபாடு வோல்ற்றளவாக வரும்: செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்துக்கு 28.8 வோல்ற்று. சுருளின் தடை 375 ஓம். தனியே விட்டால் தணிப்பு 0.25தான், ஒரு தட்டுத் தட்டினால் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு காலடி மூன்று காலடியாகத் தெரிவது இதனால்தான். சுருளுக்குக் குறுக்கே 1 கிலோஓம் தடையியைப் பற்றவைத்தால் தணிப்பு 0.69க்கு ஏறும். உணர்திறன் 20.9க்கு இறங்கும், அது தாங்கக்கூடிய இழப்பு. இந்த ஒரு தடையியை மறந்துவிட்டு, மென்பொருளில் நாட்கணக்காகப் பிழை தேடுவது வழக்கமாக நடக்கும் வீண் வேலை.

மின்கலத்துக்குக் குறுக்கே தடையிகளாலான ஓர் ஏணி வேண்டும்: மேலிருந்து 1 மெகாஓம், 100 கிலோஓம், பிறகு 1 மெகாஓமும் 100 கிலோஓமும் தொடராக. மொத்தம் 2.2 மெகாஓம். 3 வோல்ற்றில் கீழ்க்கணு 1.50 வோல்ற்று, இது மைய அழுத்தம். மேற்கணு 1.636 வோல்ற்று, இது நுழைவாய். இரண்டுக்கும் இடையே 136 மில்லிவோல்ற்று. கலம் இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். கீழ்க்கணுவில் 10 மைக்ரோபரட் செரமிக். இங்கே மின்பகு கொள்ளளவி போடக் கூடாது. அதன் பொசிவு ஒரு மைக்ரோஅம்பியரைத் தொட்டாலே, 1.36 மைக்ரோஅம்பியர் மட்டும் ஓடும் ஏணி சாய்ந்துவிடும். கீழ்க்கணுவை விரியலாக்கியின் முதல் அலகு பஃபராக, அதாவது ஏணியைச் சாய்க்காமல் அதே வோல்ற்றளவில், எடுத்துத் தருகிறது.

இரண்டாம், மூன்றாம் அலகுகள் பெருக்குகின்றன. ஜியோபோனின் ஒரு முனை மைய அழுத்தத்தில். மறுமுனை 1 கிலோஓம் தொடர்த்தடையியூடாக இரண்டாம் அலகின் நேர் உள்ளீட்டுக்கு, அந்த உள்ளீட்டிலிருந்து மைய அழுத்தத்துக்கு 100 நனோபரட். பின்னூட்டத்தில் 470 கிலோஓமும் 3.3 நனோபரட்டும் சமாந்தரமாக. மறை உள்ளீட்டிலிருந்து மையத்துக்கு 10 கிலோஓமும் 4.7 மைக்ரோபரட்டும் தொடராக. நயம் (பெருக்கும் மடங்கு) 48, கீழ் எல்லை 3.4 ஹேர்ட்ஸ், மேல் எல்லை சுமார் 100 ஹேர்ட்ஸ். மூன்றாம் அலகும் இதே மாதிரி, 22 கிலோஓம், 2.2 மைக்ரோபரட், பின்னூட்டத்தில் 1 மெகாஓம் பிறிசெற்றும் 1.5 நனோபரட்டும். பிறிசெற் பாதிக்குச் சற்றுக் கீழே, 470 கிலோஓமில் நிற்கும்போது மொத்த நயம் ஏறத்தாழ 1075. செக்கனுக்கு 10 மைக்ரோமீற்றர் மண்ணசைவு அப்போது 0.22 வோல்ற்றாக வெளியே வரும். விரியலாக்கியின் விலகல் 3 மில்லிவோல்ற்று வரை இருக்கலாம், கொள்ளளவி தொடராக இருப்பதால் அது பெருக்கப்படுவதில்லை. நான்காம் அலகு வேலையற்றது. அதை அந்தரத்தில் விடாமல் மைய அழுத்தத்தில் பஃபராகக் கட்டுங்கள்.

இனி நரம்புக்கலம். மூன்றாம் அலகின் வெளியீட்டிலிருந்து 1என்4148, அதன்பின் 100 கிலோஓம், அதன்பின் 0.47 மைக்ரோபரட். இந்தக் கொள்ளளவிதான் மென்சவ்வு. அதன் மறுமுனை மைய அழுத்தத்தில். அதற்குக் குறுக்கே 470 கிலோஓம், இது பொசிவு. நேர மாறிலி 0.22 செக்கன். இருவாயி தன்னளவில் 0.4 வோல்ற்று வரை எதையும் விடாது, சிற்றிரைச்சல் அங்கேயே நின்றுவிடும். 1 வோல்ற்று வீச்சுள்ள 20 ஹேர்ட்ஸ் அலை இரண்டு சுற்றுக்குள் நுழைவாயை எட்டும். ஆனால் 5 மில்லிசெக்கன் நீளும் ஒற்றைத் தட்டு, விரியலாக்கியை உச்சத்தில் முட்டவைத்தாலும், 11 மைக்ரோஅம்பியரால் 0.117 வோல்ற்றுத்தான் ஏற்ற முடியும். நுழைவாய் 0.136. மழைத்துளியும் விழும் தேங்காய் மட்டையும் தோற்பதும், காலடி வெல்வதும் இந்தச் சிறு இடைவெளியில்தான். ஒரு வரி நிரல்கூட இல்லாமல் இது நடக்கிறது.

‘ஷொட்கி இருவாயியின் வீழ்ச்சி குறைவுதானே’ என்று 1என்5819 போட்டால் கருவி ஊமையாகிவிடும். வெயிலில் அதன் பின்னோக்கிய பொசிவு மைக்ரோஅம்பியர்களைத் தாண்டும். ஏற்றியதெல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். 1என்4148இலும் வெப்பம் விளையாடும்: பாகைக்கு 2 மில்லிவோல்ற்று வீழ்ச்சி குறைவதால், உச்சி வெயிலில் கருவி கூர்மையாகவும் விடியற்காலையில் மந்தமாகவும் இருக்கும். ஆனை வருவது இரவில். ஆகவே அளவுசெய்வதும் இரவிலேயே.

ஒப்பிடி மென்சவ்வை மேற்கணுவுடன் ஒப்பிட்டு, தாண்டியதும் வெளியீட்டை உயர்த்துகிறது. அது ஏடிமெகாவின் கால்மாற்ற இடைமறிப்பில் (காலின் நிலை மாறியதும் சில்லை எழுப்பும் வழி) சேர்கிறது. விழித்த சில்லு 74எச்சி4066இன் ஓர் ஆளியை மூடுகிறது, ஆளி மென்சவ்வைக் குறுக்கே இணைத்து வெறுமையாக்குகிறது. 125 மில்லிசெக்கன் அப்படியே வைத்திருந்து விடுகிறது. இதுவே ஓய்வுக் காலம். ஆளியை மூடும்வரை ஒப்பிடியின் வெளியீடு உயர்ந்தே நிற்பதால் துடிப்பு தவறிப்போக வழியில்லை. 4066இன் பயன்படாத கட்டுப்பாட்டுக் கால்களையும், இரண்டாவது ஒப்பிடியின் உள்ளீடுகளையும் நிலையான அழுத்தத்தில் கட்டாவிட்டால், அவை தாமாக ஆடி நூற்றுக்கணக்கான மைக்ரோஅம்பியரைத் தின்றுவிடும்.

ஏடிமெகாவை அதன் உள்ளக 8 மெகாஹேர்ட்ஸ் அலையியில் ஓட்டுங்கள். 32.768 கிலோஹேர்ட்ஸ் பளிங்கு, சில்லின் உள்ளே நேரம் எண்ணும் ரைமர் 2க்கு மட்டும், 1024ஆல் வகுத்து. செக்கனுக்கு 32 எண்ணிக்கை, 8 செக்கனுக்கு ஒருமுறை நிரம்பல். தாழ்வோல்ற்றுக் காவலும், வோல்ற்றளவை எண்ணாக மாற்றும் ஏடிசியும் அணைந்திருக்க வேண்டும். மின்விளக்கும் வோல்ற்றுச் சீராக்கியும் உள்ள ஆர்டுயீனோப் பலகையை அப்படியே போட்டால் இத்தனை சிக்கனமும் அந்த ஒரு விளக்கில் எரிந்துபோகும். வெறும் சில்லே போதும். மொத்தக் கணக்கு: ஏணி 1.4, விரியலாக்கி 2.4, ஒப்பிடி 1.2, மீதி எல்லாம் சேர்த்து 2, ஆக 7 மைக்ரோஅம்பியர். கலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது சுற்று அல்ல, கலம் தானாகக் கெட்டுப்போகும் காலம்.

ரைமர் 2 இப்படித் தனிப் பளிங்கில் ஓடும்போது ஒரு பொறி உண்டு. விழித்தவுடன் எண்ணியை வாசித்தால் பழைய பெறுமானம் வரும். ரைமரின் பதிவகங்களில் ஒன்றான ஓசிஆர்2பியில் ஏதாவது எழுதி, இன்னொரு பதிவகமான ஏஎஸ்எஸ்ஆரின் அலுவற்கொடி இறங்கும்வரை காத்திருந்து, அதன் பின்பே வாசிக்க வேண்டும். மீண்டும் தூங்கப் போகுமுன்னும் அதே காத்திருப்பு. இல்லாவிட்டால் இடைவெளிகள் சிலவேளை பூச்சியம் என்று பதிவாகும்.

இரண்டாவது நரம்புக்கலம் நிரலில் இருக்கிறது. ஒரு காலடி ஆனையைச் சொல்லாது, தொடர்ந்து வரும் நடைதான் சொல்லும். 16 பிற் மாறி ஒன்று, ஒவ்வொரு துடிப்புக்கும் 4096 கூட்டுங்கள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் மாறியிலிருந்து, அதையே 7 பிற் வலப்பக்கம் தள்ளிய பெறுமானத்தைக் கழியுங்கள். நேர மாறிலி 128 எண்ணிக்கை, அதாவது 4 செக்கன். 16384 தாண்டினால் மணி. செக்கனுக்கு 2 அடி என்ற நடையில் ஆறாவது துடிப்பில், 3 செக்கனுக்குள் மணி அடிக்கும். செக்கனுக்கு 1 என்றால் ஒன்பதாவதில். 2 செக்கனுக்கு 1 என்று சொட்டும் எதுவும் இரண்டரைத் துடிப்பின் அளவுக்கு மேல் ஏறாது, ஒருபோதும் அடிக்காது. இடம் மிச்சம் என்று 4096க்குப் பதிலாக 256 கூட்டினால், 128க்குக் கீழே தள்ளல் பூச்சியமாகி அரைத் துடிப்பின் அளவு என்றைக்கும் வடியாமல் நிற்கும். அந்த மிச்சம் நுழைவாயைச் சத்தமின்றிக் கீழே இறக்கிவிடும். 4096இல் அதே மிச்சம் 3 சதவீதம்தான்.

முந்திய துடிப்பிலிருந்து 8 எண்ணிக்கைக்குள், அதாவது கால் செக்கனுக்குள் வரும் துடிப்புக்கு ஒன்றும் கூட்ட வேண்டாம். அருகில் ஓடும் உழவு இயந்திரம் மென்சவ்வை ஓயாமல் ஏற்றும், அதன் துடிப்புகள் 0.2 செக்கனுக்கு ஒன்றாக வரும், எல்லாம் தள்ளுபடியாகும். ஆனைக் கூட்டம் வரும்போது இடைவெளிகள் ஒழுங்கற்று இருப்பதால் போதுமானவை தப்பிச் சேரும். தொலைவில் ஓடும் இயந்திரம் மட்டும் இந்த விதியை ஏமாற்றக்கூடும், அதன் மெல்லிய அதிர்வில் மென்சவ்வு மெதுவாக ஏறி இடைவெளி நீண்டுவிடும். அதை மூடப் போய்க் கூட்டத்தைத் தவறவிடுவதைவிட, ஒரு தடவை வீணாக அடிப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை ஆனை வேலியே. மின்வேலியின் துடிப்பூட்டி சுமார் செக்கனுக்கு ஒரு தடவை ஆயிரக்கணக்கான வோல்ற்றைத் தட்டும். தட்டு மிகக் குறுகியதுதான். ஆனாலும் விரியலாக்கியை முட்டவைத்தால், அதன் 3 ஹேர்ட்ஸ் வடிகட்டிகள் மீள்வதற்குப் பல பத்து மில்லிசெக்கன் எடுக்கும், அந்த மீளலை மென்சவ்வு காலடி என்று நம்பும். செக்கனுக்கு ஒன்று, ஒன்பது துடிப்பு, மணி! வேலியே தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன 1 கிலோஓமும் 100 நனோபரட்டும் இதற்காகத்தான். அத்துடன் ஜியோபோனிலிருந்து பலகைக்கு வரும் கம்பி 10 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, இரண்டையும் முறுக்க வேண்டும். பெட்டியை வேலியிலிருந்து 5 மீற்றராவது தள்ளிப் புதையுங்கள், வேலியின் புவிக்கம்பி இறங்கும் இடத்திலிருந்து இன்னும் தள்ளி. நிரலில் கடைசிக் காவல் ஒன்று: அடுத்தடுத்த ஐந்து இடைவெளிகள் 1 எண்ணிக்கைக்கு மேல் வேறுபடாவிட்டால் மாறியைப் பூச்சியமாக்குங்கள். எந்த விலங்கும் அவ்வளவு கடிகாரமாக நடப்பதில்லை.

அடுத்தது ஈரம். மார்கழி மழையில் பலகையில் மிஞ்சிய பற்றாசுப் பசை ஈரம் குடிக்கும். மென்சவ்வுக் கணுவுக்கும் நேர் வழங்கலுக்கும் இடையே 10 மெகாஓம் பொசிவு உண்டானாலே 0.15 மைக்ரோஅம்பியர் உள்ளே வரும். 470 கிலோஓமில் அது ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று, நுழைவாயில் பாதியளவு. கருவி ‘மழை வந்தால் பைத்தியம் பிடிக்குது’ என்ற முறைப்பாட்டின் காரணம் பெரும்பாலும் இதுதான், மழைத்துளிகள் அல்ல. பலகையை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் தூரிகை போட்டுக் கழுவி, ஒரு பகல் வெயிலில் காயவைத்து, நிறமற்ற அரக்குச் சாயம் இரண்டு தடவை பூசுங்கள்.

சோதனை மேசையில் ஜியோபோனைக் கழற்றி அந்த இடத்தில் 100 ஓம் வையுங்கள். கைபேசியின் ஒலிமுனையிலிருந்து 100 கிலோஓம் ஊடாக 20 ஹேர்ட்ஸ் கொடுத்தால் ஆயிரத்திலொரு பங்கு கிடைக்கும். கைபேசி 0.7 வோல்ற்று உச்சம் தந்தால் மூன்றாம் அலகில் 0.75 வோல்ற்று தெரிய வேண்டும். ஏணியின் கணுவில் நேரடியாக மானியை வைக்காதீர்கள். 10 மெகாஓம் மானியே 5 சதவீதத்தை இழுத்துவிடும், 1.50 இருக்க வேண்டிய இடத்தில் 1.42 காட்டும், நல்ல தடையியைக் கழற்றி எறிய வைக்கும். பஃபரின் வெளியீட்டில் அளவுங்கள். மின்கலம் போட்ட முதல் அரை நிமிடம் மைய அழுத்தம் மெல்ல ஏறும், அதுவரை வரும் துடிப்புகளை நிரல் எண்ணக் கூடாது.

புதைப்பதில் கவனம் குறைந்தால் மேலே செய்த எல்லாம் வீண். ஜியோபோனைக் கீழ் மூடியின் உட்புறத்தில், நடுவே, எபொக்சியால் ஒட்டுங்கள். அது நிமிர்ந்து நிற்க வேண்டும், 10 பாகைக்கு மேல் சாய்ந்தால் அதன் இயற்கை மீடிறன் சொன்ன அளவில் நிற்காது. ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே 40 சென்ரிமீற்றர் குழியில் இறக்கி, தோண்டிய மண்ணையே ஈரப்படுத்தி அடித்து இறுக்குங்கள். படுவான்கரைக் களிமண் இறுகினால் அதிர்வை நன்றாகக் கடத்தும். வாவிக்குக் கிழக்கே, கடலோர எழுவான்கரையின் தளர்மணலில் அதே காலடி சில மீற்றரிலேயே செத்துவிடும், அங்கே ஆழமாகப் போய் ஈரமணலைத் தொட வேண்டும். தண்ணீர் கட்டிய வயலுக்குள் வைக்கக் கூடாது, சேறு அதிர்வை விழுங்கும். வரம்பிலும் வேண்டாம், மனிதர் நடக்கும் இடம் அது, செக்கனுக்கு இரண்டடி என்ற மனித நடையும் ஆனை நடையும் இந்தக் கருவிக்கு ஒன்றுதான். வேலிக்கு வெளியே, காட்டோரம், ஆனை வழமையாக இறங்கும் பாதையின் ஓரமே சரியான இடம். மருத மரத்திலிருந்து மரத்தின் உயரமளவு தள்ளி நில்லுங்கள். சிறுபோகத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது வேர் ஆடும், வேரோடு மண்ணும் ஆடும்.

வாடிக்குப் போகும் தொடர்பு சாதாரண இரட்டைத் தொலைபேசிக் கம்பி. ஏடிமெகாவின் கால் 330 ஓம் ஊடாக பிசி817இன் விளக்கை 5.5 மில்லியம்பியரில் எரிக்கும். பிசி817இன் திரான்சிற்றர் பக்கம் கம்பியில். வாடியில் 12 வோல்ற்று 7 அம்பியர் மணிக் கலம், பிசி327 திரான்சிற்றர், அடிவாய்க்கு 10 கிலோஓம் தொடராக, அடிவாய்க்கும் காலிக்கும் (எமிற்றர்) இடையே இன்னொரு 10 கிலோஓம், சேகரிப்பானில் 30 மில்லியம்பியர் பஸர். கம்பியில் ஓடுவது 1 மில்லியம்பியரைச் சற்றுத் தாண்டுவதால் 300 மீற்றர் கம்பியின் தடை பொருட்டல்ல. இடி மின்னலுக்கு இரண்டு முனைகளிலும் 18 வோல்ற்று எழுச்சித்தடுப்பு இருவாயி. ஒப்ரோகப்ளர் இருப்பதால் கம்பியில் வரும் எழுச்சி ஜியோபோன் பக்கத்துக்குத் தாவ இடம் குறைவு. கம்பியை எலி கடித்தாலும் மண்வெட்டி வெட்டினாலும் தெரிய வேண்டுமே! ரைமர் 64 தடவை நிரம்பியதும், அதாவது எட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை, 50 மில்லிசெக்கன் பஸரைச் சிணுங்க வையுங்கள். சராசரிச் செலவு அரை மைக்ரோஅம்பியர்.

அளவுசெய்வது இப்படி. 25 கிலோ நெல்லு மூடையை 1 மீற்றர் உயரத்திலிருந்து, பெட்டிக்கு 10 மீற்றர் தள்ளிப் போடுங்கள். பத்துத் தடவை போட்டால் பத்தும் துடிப்பாக வரும் வரை பிறிசெற்றைக் கூட்டுங்கள். பிறகு எருமைப் பட்டி ஒன்றை அதே தூரத்தில் நடத்திப் பாருங்கள். மணி அடித்தால், பட்டி 10 மீற்றரில் அடிக்காமலும் மூடை 5 மீற்றரில் துடிப்பைத் தருமாறும் பிறிசெற்றைக் குறையுங்கள். மண் காய்ந்ததும், மழை ஊறியதும் இந்த அளவு மாறும், போகத்துக்கு இரண்டு தடவையாவது திரும்பச் செய்ய வேண்டும். பட்டியை முற்றாகப் பிரித்தறிய இந்தச் சுற்றால் முடியாது, பெட்டிக்கு மேலேயே வரும் எருமை அடித்தே தீரும். ஆகவே மாலையில் பட்டி அடைந்த பின்பே வாடியின் 12 வோல்ற்றுக் கலத்தை இணையுங்கள்.

மணி அடித்தால் விளக்கோடு இருட்டுக்குள் ஓட வேண்டாம், முதலில் பரணில் ஏறிப் பாருங்கள். வேலியின் எந்தக் கம்பியிலும் தூணிலும் இந்தக் கருவியைக் கட்டக் கூடாது. மின்கலம் 2.4 வோல்ற்றுக்கு இறங்கியதும் மாற்றிவிடுங்கள், அதற்குக் கீழே ஏடிமெகா 8 மெகாஹேர்ட்ஸில் ஒழுங்காக ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.